கார் சப்வூபருக்கு எத்தனை வாட் ஆம்ப்? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காருக்காக ஜே.சி. ரோட்டில் 12 அங்குல சப்வூபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று போட்டிருக்கிறது. ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) 1200 வாட்டில் வாங்க வேண்டுமா? (அல்சூர் வாசகர்)

பதில்: வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது உச்ச அளவு. கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டுமே ஸ்பீக்கர் அதைத் தாங்கும். உள்ளே இருக்கும் தாளில் ஆர்.எம்.எஸ். என்ற அளவு கொடுக்கப்பட்டிருக்கும். தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி அதுதான் என்பதால், ஆம்பின் ஆர்.எம்.எஸ். அளவை அதற்கு ஒத்ததாகத் தேர்ந்தெடுங்கள். ஆம்பில் சி.டி.ஏ.-2006 என்ற தரநிலை முத்திரை இருந்தால் நல்லது: 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு), 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவுடன் அளந்த வாட் அது என்று பொருள். ஆர்.எம்.எஸ். அளவைக் காட்ட முடியாத பொருளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் சப்வூபரில் 4 ஓம் காயில்கள் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்கள்) இரண்டு உள்ளன. ஆம்ப் 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட் தரும். எப்படி இணைப்பது? பின்னர் இதே போல இன்னொன்றைச் சேர்க்கலாமா? (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

பதில்: இரு காயில்களையும் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம், சப்வூபர் 500 வாட் ஆர்.எம்.எஸ். தாங்குமானால் அதுவே சரி. தொடர் இணைப்பில் 8 ஓம் ஆகி, ஆம்பின் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டாவது சப்வூபரையும் சேர்த்து நான்கு காயில்களையும் பக்க இணைப்பில் கொடுத்தால் சுமை 1 ஓமுக்கு இறங்கும். 2 ஓம் வரை மட்டுமே அனுமதிக்கும் ஆம்ப் அடிக்கடி தானாக நின்று நின்று இயங்கும், அல்லது கருகும். அப்போது ஒவ்வொன்றின் காயில்களையும் தொடரில் இணைத்து, பிறகு இரண்டு சப்வூபர்களையும் பக்க இணைப்பில் சேருங்கள். சுமை 4 ஓம், ஒவ்வொன்றுக்கும் 150 வாட். மல்டிமீட்டர் குறிப்பிட்ட ஓமைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், அது பழுதல்ல.

கேள்வி: 300 வாட் தாங்கும் சப்வூபருக்கு 200 வாட் ஆம்ப்தான் கொடுத்திருந்தேன். ஆயினும் கருகல் வாடையோடு காயில் எரிந்துவிட்டது. சக்தி குறைந்த ஆம்ப் எப்படி எரிக்கும்? (ஸ்ரீராம்புரம் வாசகர்)

பதில்: எனக்கு வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இது. சத்தம் போதாது என்று கெயினைக் கூட்டும்போது, ஆம்ப் தன் வோல்ட் வரம்பைத் தொட்டதும் ஒலி அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படுகிறது. இதைக் கிளிப்பிங் என்கிறோம். முற்றிலும் சதுரமாகிப்போன அலை, அதே உச்சம் கொண்ட சைன் அலையைப் போல இரு மடங்கு சக்தியைச் சுமக்கும்; அதாவது உங்கள் 200 வாட் ஆம்ப் 400 வாட் வரை தள்ளக்கூடும், அந்தச் சூட்டை முழுக்கக் காயில்தான் வாங்குகிறது. பேஸ் ஒலியை மட்டும் உயர்த்தும் பேஸ் பூஸ்ட்டை 6 டெசிபல் கூட்டியிருந்தால், அந்த அலைவரிசையில் ஆம்பிடம் நான்கு மடங்கு சக்தி கேட்கப்படுகிறது.

கெயின் என்பது வால்யூம் அன்று. ஸ்டீரியோவின் வெளியீட்டை ஆம்போடு பொருத்தும் திருகு. சப்வூபர் வயர்களைக் கழற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, பேஸ் பூஸ்ட்டையும் ஈக்வலைசரையும் பூஜ்யத்தில் வையுங்கள். கெயினை முழுக்கக் குறைத்துவிட்டு, 0 டெசிபலில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்டீரியோவின் முக்கால் வால்யூமில் ஒலிக்கவிட்டு, ஏ.சி. வோல்ட் அளவில் வைத்த மல்டிமீட்டரை ஆம்பின் வெளியீட்டு முனைகளில் பிடித்துக்கொண்டு கெயினை மெல்லக் கூட்டுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய இடம் கிடைக்கும்: 200 வாட், 4 ஓம் என்றால் 28.3 வோல்ட். அதற்குப் பின் அந்த முக்கால் அளவைத் தாண்டி வால்யூமை ஏற்றக் கூடாது.

கேள்வி: சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது பேஸ் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது, சில சமயம் ஆம்பும் அணைகிறது. மின்சாரத்தைத் தேக்கி வைத்துத் தரும் கெப்பாசிட்டர் போடலாமா? (பி.டி.எம். லேஅவுட் வாசகர்)

பதில்: முதலில் வயரைப் பாருங்கள். 500 வாட் தரும் கிளாஸ்-டி ஆம்ப் (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை), 80 சதவீதத் திறனில் இயங்கினாலும் முழுச் சுமையில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். வண்டி ஐடிலில் நிற்கையில் ஆல்டர்னேட்டர் தருவதே குறைவு, அதிலிருந்துதான் ஏ.சி.யும் விளக்கும் ஓட வேண்டும். இதற்கு 4 கேஜ் தடிமனுள்ள சுத்தச் செம்பு வயர் தேவை. செம்புப் பூச்சிட்ட அலுமினிய வயர் மலிவு, ஆனால் அதே தடிமனில் குறைந்த மின்னோட்டத்தையே தாங்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வயர் எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுவே. எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கிவிடும் வேலையை நிறையப் பார்க்கிறேன். தகடு பளிச்சென்று தெரியும் வரை சுரண்டிவிட்டு முடுக்குங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பேஸ் அடிக்கும்போது ஆம்ப் முனையில் 12.5 மட்டும் வந்தால் கோளாறு வயரிலோ எர்த்திலோதான். கெப்பாசிட்டர் அதைத் தீர்க்காது.

கேள்வி: 250 வாட்டிலிருந்து 500 வாட்டுக்கு மாறினால் சத்தம் இரட்டிப்பாகுமா? (மர்பி டவுன் வாசகர்)

பதில்: ஆகாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். அந்தப் பணத்தை உங்கள் சப்வூபருக்கு உரிய கன அளவில் செய்த நல்ல பெட்டிக்குச் செலவிடுங்கள். போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பெட்டியானால், அது டியூன் செய்யப்பட்ட அலைவரிசைக்குச் சற்றுக் கீழே, மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை வையுங்கள். அதற்கும் கீழான ஒலியில் கோனைப் பிடித்து நிறுத்தும் காற்றழுத்தம் பெட்டிக்குள் இராது.