சுவர் காய்வதற்குள் பெயிண்டா?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் சொந்த வீடு. போன வார மழையில் முழங்கால் அளவுக்குச் சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே வந்து இரண்டு நாள் நின்றது. ஒரு நிறுவனம் வந்து பார்த்தது. சுத்தம், கிருமிநாசினி, வாட்டர்ப்ரூஃபிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 5 நாளில் முடித்துத் தருகிறோம், 1,40,000 ரூபாய், 10 ஆண்டு வாரண்டி என்கிறார்கள். 60 சதவீதம் முன்பணமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 5 நாள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆக வேண்டும் என்று அவசரப்பட்டவன் நான். பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, பெயிண்டரும் கணக்கு முடித்துக்கொண்டு போனார். சித்திரை பிறப்பதற்குள் முழங்கால் உயரம் வரை சுவர் கொப்பளித்தது. விரல் பட்டால் வெள்ளைப் பொடியாக உப்பு உதிர்ந்தது. சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து!

செங்கல் தண்ணீரை உறிஞ்சும். நின்ற மட்டத்துக்கு மேலும் ஓதம் ஏறும். 9 அங்குலச் சுவர் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மேலே பெயிண்ட்டால் மூடினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வாட்டர்ப்ரூஃபிங் வேறு எதற்கு? உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வந்திருக்கிறது, மொட்டை மாடி வழியாக அல்ல. உங்களுக்கு இப்போது வேண்டியது கழுவுவதும் காயவைப்பதும். அவர்கள் விற்பது பூசுவதை.

அதனால் கொட்டேஷனைப் பிரித்துக் கேளுங்கள். சேறு அள்ளிக் கழுவிக் கிருமிநாசினி அடிக்க எவ்வளவு? சம்ப் இறைத்துச் சுத்தம் செய்வது இதில் சேர்த்தியா? ஈரம் உறிஞ்சும் இயந்திரம், அதாவது டீஹியூமிடிஃபயர், வைக்க நாள் வாடகை என்ன? அந்த இயந்திரம் ஓடும்போது கதவு ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருவின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதன் தொட்டியில் தினமும் எத்தனை லிட்டர் சேர்கிறது என்று எழுதி வாருங்கள். அளவு குறைந்துகொண்டே வந்தால் வீடு காய்கிறது என்று பொருள். நல்ல வெயில் அடிக்கும் நாளில் இயந்திரம் வேண்டாம், ஜன்னலும் ஃபேனும் போதும். ஃபேன் போடும் முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து நனைந்த பிளக் பாயிண்டுகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயிண்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காய்ந்ததா என்று தெரிய, ஒரு முழச் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் துளி நின்றால் சுவர் இன்னும் காயவில்லை, பெயிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

சமையலறை அலமாரி துகள் பலகை (பார்ட்டிகிள் போர்டு) என்றால் ஊறி உப்பியது உப்பியதுதான். காயவைத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எதையும் தூக்கிப் போடுமுன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய போட்டோ எடுங்கள். வீட்டுக்கடன் இருந்தால் அந்தக் காகிதங்களைப் புரட்டுங்கள். கடனோடு சேர்த்து வீட்டுக் காப்பீடும் எடுத்திருக்கலாம், நமக்கே நினைவிருக்காது. 2021 ஏப்ரல் முதல் உள்ள ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசி வெள்ளச் சேதத்துக்கும் பொருந்தும். கட்டடத்துக்கு எடுத்திருந்தால் வீட்டுச் சாமான்களுக்கும் காப்புத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றைக்கே தகவல் கொடுத்துவிடுங்கள். சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் வரும்வரை கெட்ட பொருட்களை ஓர் ஓரமாக வைத்திருங்கள்.

வாரண்டி என்றால் யார் தருவது, பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் தரமாட்டேன் என்பவரிடம் வேலையே வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சொதப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பணம் கட்டி வாங்கிய சேவையின் மதிப்பு 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: தாம்பரத்தில் வாடகைக் கட்டடத்தில் ஸ்டேஷனரி கடை. சரக்கு பாதி நனைந்துவிட்டது. கட்டட உரிமையாளரின் காப்பீட்டில் கேட்கலாமா?

பதில்: அது அவர் கட்டடத்துக்கு. உங்கள் சரக்குக்கு நீங்கள் பாலிசி எடுத்திருந்தால்தான் உண்டு. இருந்தால் கொள்முதல் பில்களையும் ஸ்டாக் கணக்கையும் சர்வேயரிடம் காட்டுங்கள். ஒன்று மட்டும் பலர் கோட்டை விடுவது: வீணான சரக்கை வாங்கியபோது கொடுத்த ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்திருந்தால் (இதைத்தான் உள்ளீட்டு வரிக் கடன் என்பார்கள்), அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். க்ளெய்ம் தொகையை எழுதுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.