சொதிக்கு ஒன்றுவிட்ட தம்பி

கேள்வி இதுதான்: "வேலைக்குப் போய் வந்துதான் சமைக்கிறோம். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம்முடைய சாப்பாட்டோடு இடையிடையே வெளிநாட்டுச் சாப்பாட்டையும் எளிமையாக, எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி எப்படிச் செய்வது?"

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு 72 வயது, சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மனைவி செவிலியர், ஷிப்ட் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. ஊர் திருநெல்வேலி. ராத்திரிச் சமையல் ஆறு வருடமாக என் பொறுப்பு. சமையல் படித்தவன் இல்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாட்டுச் சாப்பாட்டுக்கும் தனித்தனியாகச் சாமான் வாங்கினேன். சாஸ் பாட்டில் மட்டும் ஏழு. இரண்டு தடவை ஊற்றுவோம், அப்புறம் ஃபிரிட்ஜ் கதவில் அது பாட்டுக்கு நிற்கும், தேதி முடிந்ததும் குப்பைக்குப் போகும். இப்போது அப்படி வாங்குவதில்லை. பிள்ளைகள் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், இது நம் வீட்டுச் சாப்பாட்டில் எதற்குச் சொந்தம் என்று முதலில் பார்ப்பேன். அநேகமாக ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிடுவார். அடுத்து, நம் கைப்பழக்கத்துக்கு நேர்மாறாக எந்த இடத்தில் போக வேண்டும் என்று பார்ப்பேன். பெரும்பாலும் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருக்கும். அதைத் தவறவிட்டால் எல்லாம் கடைசியில் மசாலா போட்ட குழம்பாகத்தான் வந்து நிற்கும்.

தாய்லாந்து பச்சைக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால், பச்சை மிளகாய், காய்கறி. திருநெல்வேலிக்காரனுக்கு உடனே சொதிதான் ஞாபகம் வரும். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற குழம்பு அது. மூன்று பால் எடுப்போம். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்ததும் சேரும். முதல் பால் கடைசியில்தான். அதை ஊற்றி நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். இறக்கிக் கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எனக்கு இது கண்ணை மூடிக்கொண்டு வரும்.

அந்தத் தைரியத்தில் முதல் தடவை பச்சைக் கறியையும் அதே வரிசையில் வைத்தேன். விழுதைத் தண்ணிப் பாலில் கரைத்து, காயை வேகவைத்து, கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றினேன். பூண்டும் வெங்காயமும் பச்சையாகவே நின்றன. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏல, இது சொதியா, இல்ல சொதிக்கு ஒண்ணுவிட்ட தம்பியா?" என்றாள். மகள் அன்றைக்குத் தயிர்ச் சாதம்தான் சாப்பிட்டாள்.

அங்கே வரிசை அப்படியே தலைகீழ். கெட்டிப் பால்தான் முதலில் சட்டிக்குப் போகும். சொதியில் எது நடக்கக் கூடாது என்று பயப்படுகிறோமோ, அதை இதில் வேண்டுமென்றே செய்ய வேண்டும். கெட்டிப் பாலைக் கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வற்றி, ஓரத்தில் எண்ணெய் பளபளவென்று பிரியும். அந்தத் தேங்காய் எண்ணெயில்தான் விழுது வதங்க வேண்டும். பச்சை வாசம் போனதும் காயும் இரண்டாம் பாலும் சேர்த்து வேகவைத்தால் முடிந்தது. பெட்டியில் வரும் தேங்காய்ப் பாலில் பிரியாமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், அதில் இந்த வேலை லேசில் நடக்காது. வீட்டில் பிழிந்த பால்தான் சரி. பிழிந்து அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மேலே கெட்டியாகத் திரண்டு நிற்கும், அதை வழித்துச் சட்டியில் போடுங்கள்.

விழுதுக்குப் பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, வேரோடு கொத்தமல்லி, கொஞ்சம் மல்லி விதை, சீரகம், மிளகு, எலுமிச்சம்புல். அரத்தைக்குப் பதில் இஞ்சிதான் போடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற காய்ந்த அரத்தையைப் போட்டால் கறி கஷாயமாகிவிடுகிறது. தாய்லாந்தில் போடுகிற எலுமிச்சை வகை இலைக்குப் பதில் எங்கள் வீட்டு எலுமிச்சை மரத்துக் கொழுந்து இலை. அதே மணம் இல்லை, ஆனால் தூரத்துச் சொந்தம். கடையில் விழுது வாங்குகிறவர்கள், வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். தாய்லாந்து விழுதில் இறால் சேர்ப்பது அங்கே சாதாரணம்.

அடுத்து ஷக்ஷூகா. துனிசியா, அதைச் சுற்றிய வட ஆப்பிரிக்க நாடுகளில் தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைக்கிறது. நம் தக்காளித் தொக்குக்குக் கூடப் பிறந்தது என்றே சொல்லலாம். ஐந்து பேருக்கு இரண்டு பெரிய வெங்காயம், ஒரு குடைமிளகாய், ஆறேழு பழுத்த தக்காளி, நாலைந்து பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகத் தூள், ஒரு தேக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த் தூள். எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாக வதக்க வேண்டும். கடுகு வேண்டாம், கறிவேப்பிலை வேண்டாம். கை அந்தப் பக்கம் போகத்தான் செய்யும்.

இதில் மாற வேண்டிய இடம், எப்போது நிறுத்துவது என்பது. எண்ணெய் பிரிகிற வரைக்கும் தக்காளியை விடமாட்டோம், நம் வளர்ப்பு அப்படி. அதுவரை விட்டால் முட்டை அடிப்பிடித்துக் கருகிவிடும். குழம்பு கொஞ்சம் தளர்வாக, கரண்டியால் ஒதுக்கினால் மெதுவாகத் திரும்பி மூடுகிற பதத்தில் இருக்கும்போதே குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றுங்கள். மூடி போட்டு, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம். வெள்ளை வெந்து மஞ்சள் தளதளவென்று இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு? முட்டை ஊற்றுவதற்கு முன்னாலேயே ரெண்டு கரண்டி எடுத்து இன்னொரு சின்னச் சட்டியில் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, பெருங்காயம் போட்டு, எண்ணெய் பிரிகிற வரை சுண்ட விடுகிறேன். அது முழுத் தொக்கு. எல்லோருக்கும் தொட்டுக்கொள்ள தோசைதான். ஷக்ஷூகாவுக்கு ரொட்டிதான் முறை என்று மகள் சொல்வாள். மாவு ஃபிரிட்ஜில் இருக்கும்போது ரொட்டி வாங்கக் கடைக்குப் போக என்னால் ஆகாது.

இப்படிப் பிரித்து எடுப்பதுதான் பெரியவர்கள் இருக்கிற வீட்டில் என்னைக் காப்பாற்றுகிறது. ரெண்டு சமையல் செய்தால் ஒரு மாதத்தில் வெறுத்துப்போகும். ஒரே சட்டியில் எந்த நேரத்தில் அவர்கள் பங்கை எடுப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டால் போதும்.

பாஸ்தாவில் நான் பட்ட பாடு தனி. சேமியாவை வேகவைத்து வடித்துக் குழாய்த் தண்ணீரில் அலசுகிறோம் இல்லையா, அதையே பாஸ்தாவுக்கும் செய்தேன். சாஸ் ஒட்டவே இல்லை. தட்டின் அடியில் சாஸ், மேலே வழவழ பாஸ்தா. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வேகவைத்த தண்ணீர் சோறு வடித்த கஞ்சி மாதிரி. மாவுச்சத்து இருக்கிறது. அதை எண்ணெயோடு சேர்த்துக் குலுக்கினால்தான் ரெண்டும் கலந்து பாஸ்தாவைப் போர்த்தும்.

வீட்டில் அடிக்கடி செய்வது நேப்பிள்ஸ் பக்கத்து ஆலியோ எ ஓலியோ. பூண்டும் எண்ணெயும் என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். தாளிப்பைச் சாப்பாடாக்கினால் எப்படியோ அப்படி. 400 கிராம் ஸ்பகெட்டி, நாலு லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. துரம் கோதுமை ரவையில் செய்தது என்று பொட்டலத்தில் போட்டிருக்க வேண்டும், மைதா பாஸ்தா குழைந்துவிடும். பொட்டலத்தில் பத்து நிமிடம் என்றிருந்தால் எட்டாவது நிமிடமே எடுத்துவிடுவேன், மீதி சட்டியில் வேகும். இங்கே எதிர்த் திசையில் போக வேண்டிய இடம் எண்ணெய். நாம் எண்ணெய் காய்ந்த பிறகுதான் கடுகு போடுவோம். இதில் காயாத எண்ணெயிலேயே மெலிதாக நறுக்கிய பூண்டைப் போட்டு, அப்புறம்தான் சிறு தீ வைக்க வேண்டும். பூண்டின் மணம் மெதுவாக எண்ணெயில் இறங்கும். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் கிள்ளிய வற்றல் மிளகாய், உடனே ஒன்றரைக் கரண்டி பாஸ்தா கஞ்சி, அப்புறம் பாஸ்தா. பூண்டு சிவந்துவிட்டால் கசக்கும், மறுபடி ஆரம்பிப்பதைத் தவிர வழியில்லை. ஆலிவ் எண்ணெய் விலைக்குப் பயந்து கடலை எண்ணெயிலும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வேறு ஏதோ ஊர்ச் சாப்பாடு.

கிரேக்கத்துத் தஸாட்ஸிகி என்பது வெள்ளரிக்காய்ப் பச்சடி. தயிரைத் துணியில் கட்டி நாலு மணி நேரம் தொங்கவிட வேண்டும், துருவிய வெள்ளரியை உப்புப் போட்டுப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட வேண்டும், பூண்டு ஒரே ஒரு பல், கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். தாளிக்கக் கூடாது. வடிந்த தயிர்த் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையுங்கள், மெத்தென்று வரும். அம்மாவுக்கு இது பிடித்துப்போய், "தாளிக்க மறந்த பச்சடி" என்று பெயர் வைத்து உப்புமாவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

ராஜ்மாவைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற ஒரு புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய் விடும். குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். குக்கரில் கவலை இல்லை. மெதுவாக வேகவைக்கிற மின்சாரச் சட்டியில் நேராகப் போடுவதுதான் ஆபத்து. முதல் நாள் பஞ்சாபி முறையில் சோற்றுக்கு ராஜ்மா. மறுநாள் மிச்சத்தை மசித்துச் சுண்டவைத்து, சப்பாத்திக்குள் சீஸோடு வைத்து மடித்துக் கல்லில் போட்டால் பிள்ளைகளுக்கு மெக்சிகோ.

ஃப்ரைட் ரைஸ் எல்லோருக்கும் தெரியும், அதனால் நீட்டவில்லை. சோறு ஆறி, ஃபிரிட்ஜில் இருந்து உதிரி உதிரியாக வந்திருக்க வேண்டும். வீட்டு அடுப்பின் தீ ஓட்டல் அடுப்புக்கு ஈடாகாது, அதனால் ரெண்டு ரெண்டு பேருக்காகப் போட்டு எடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஆவியில் வெந்து பிசுபிசுத்துவிடும். மீந்த சோற்றை ராத்திரி முழுக்க மேடையிலேயே வைத்துவிட்டு காலையில் வறுக்க வேண்டாம். சோற்றில் பெருகுகிற ஒரு கிருமியின் நஞ்சு வறுத்தாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

எத்தனை நாள் இதெல்லாம் என்று கேட்டால், வாரத்தில் இரண்டு ராத்திரிதான். மற்ற நாட்களில் எங்களுக்கும் தோசை, சப்பாத்தி, மதியத்துச் சாம்பார், ரசம்தான். மனைவிக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் புதுசாக எதையும் முயல மாட்டேன். டப்பாவில் கட்டிக்கொடுத்த பரிசோதனை நன்றாக இல்லையென்றால் அவளுக்கு அங்கே வேறு வழி கிடையாது. வீட்டில் பீட்ஸாவும் செய்வதில்லை. மூன்று மணி நேரம் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு, கடையில் வாங்கினதுதான் நல்லாயிருக்கு என்று மகன் சொல்வதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது மகளுக்குக் கொரியப் பைத்தியம். கிம்ச்சி வேண்டுமாம். ஊறுகாய் தானே என்று ஒத்துக்கொண்டேன். மீன் சாஸ் இல்லாமல், சாதாரண முட்டைக்கோஸில். இதை எழுதும்போது கோஸ் உப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. இஞ்சியும் பூண்டும் மிளகாய்த் தூளும் தயாராக இருக்கின்றன. அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். மூன்றாவது தடவை வந்து, "எல்லாம் சரில, எண்ணெய எங்க?" என்றாள். எண்ணெய் கிடையாதும்மா என்றதற்கு இன்னும் பதில் வரவில்லை. நல்லெண்ணெய்ப் பாட்டில் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கி மேடைக்கு வந்திருக்கிறது.