மலேசியா, தாய்லாந்து இரண்டின் இயற்கை ரப்பர் ஏற்றுமதியைப் பல ஆண்டுகளுக்கு எப்படி ஒப்பிடுவது?

கேள்வியைப் பார்த்தால் ஆய்வேட்டுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் டாலரை ஓரமாக வைத்துவிட்டு டன்னில் ஆரம்பியுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

என் முதுகலை ஆய்வேட்டில் 2011 முதல் 2016 வரை தாய்லாந்தின் ஏற்றுமதியை டாலர் மதிப்பில் போட்டேன். கோடு பாதிக்கும் கீழே இறங்கியது. "தாய்லாந்தின் ரப்பர் துறை சரிந்தது" என்று ஒரு முழு அத்தியாயமே எழுதிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஒன்றுதான் கேட்டார்: "ஏன், மரங்களை வெட்டிவிட்டார்களா?" எனக்குப் பதில் வரவில்லை. விழுந்தது விலை. 2011 தொடக்கத்தில் கிலோ 5 டாலருக்கு மேல் போன ரப்பர் 2016 தொடக்கத்தில் ஒன்றரை டாலருக்கும் கீழே வந்திருந்தது. டன் கணக்கு அப்படியொன்றும் சரியவில்லை. அந்த அத்தியாயத்தை மொத்தமாகத் திருப்பி எழுதினேன்.

டாலர்தானே நாட்டுக்கு வருகிறது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். சரி, வருமானத்தைப் பற்றி எழுதினால் டாலர் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. உற்பத்தித் திறனைப் பற்றிப் பேசிக்கொண்டு டாலரைக் காட்டுவதுதான் தவறு.

டன்னிலும் குழி உண்டு. செறிவூட்டிய ரப்பர் பாலில் உலர் ரப்பர் சுமார் 60 விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதன் எடையையும் உலர்ந்த ரப்பர் ஷீட்டின் எடையையும் அப்படியே கூட்டக்கூடாது. சுங்கக் குறியீட்டில் இயற்கை ரப்பருக்கான 4001 மட்டும் பார்த்தாலும் போதாது. 2015 ஜூலையில் கலவை ரப்பருக்கான விதியைச் சீனா இறுக்கிய பிறகு, தாய்லாந்திலிருந்து அங்கே போகும் ரப்பரில் பெரும்பங்கு, இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்தது என்று 4002.80-இன் கீழ் பதிவாகிறது. அதை விட்டுவிட்டால் தாய்லாந்து இல்லாத வீழ்ச்சியைக் காட்டும்.

மலேசியா விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். 1980களில் உலகிலேயே அதிகம் ரப்பர் விளைவித்த நாடு அது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்தியது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் மலேசியா தோற்றுவிட்டது என்கிறார்கள். உண்மையில் தோட்டங்கள் செம்பனைக்கு, அதாவது பாமாயில் மரத்துக்கு, மாறின, ஆலைகள் கையுறைக்கு வந்தன. இன்று தாய்லாந்திலிருந்து ரப்பர் பாலை வாங்கிக் கையுறையாக உலகுக்கு விற்கிறது. கையுறை 4015-இல் வருவதால் உங்கள் அட்டவணையில் அது தெரியவே தெரியாது. ஆகவே இறக்குமதியைக் கழித்த நிகர ஏற்றுமதியையும், பக்கத்தில் கையுறை ஏற்றுமதியையும் கட்டாயம் போடுங்கள்.

இதையெல்லாம் என் அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதியிருந்தேன். பின்னால் ஒருவர் அந்த அட்டவணையைத் தன் கட்டுரையில் எடுத்துப் போட்டார். என் பெயரும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. பெயர் போனதைக்கூட விட்டுவிடலாம். அடிக்குறிப்பு இல்லாமல் அந்த எண்களுக்கு அர்த்தமே வேறு. கேட்டு எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை.

அப்புறம், சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த 1965க்கு முன்னால் போவதாக இருந்தால் அந்த ஊரைக் கவனியுங்கள். சொல்லும்படி தோட்டம் இல்லாத ஊர், ஆனால் மலாயா, இந்தோனேசியா ரப்பர் அதன் துறைமுகம் வழியாகப் போனதால் பழைய கணக்குகளில் பெரிய ஏற்றுமதியாளராக நிற்கும். அதை மலேசியாவோடு சேர்க்கிறீர்களா, தனியாக வைக்கிறீர்களா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.