குளிர்ல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறீங்களா?

கேள்வி: வெளிய மைனஸ் 20, கதவைத் திறக்கவே முடியல. வேலை முடிஞ்சா போனை நோண்டியே பொழுது போகுது, ஒரே கடுப்பு. கைக்கு வேலை தர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்?

பதில்: என் ஓட்டு குரோஷேவுக்குத்தான், அதாவது ஒரு கொக்கி ஊசியால நூலைப் பின்னுறது! நிட்டிங்னா ரெண்டு ஊசி, ஊசி நிறைய கண்ணி (நூல் வளையம்), ஒண்ணு நழுவுனாலும் கீழ வரைக்கும் பிரிஞ்சுக்கிட்டே போகும், குரோஷேல ஒரே கொக்கி, பெரும்பாலும் ஒரே கண்ணியைத்தான் பிடிச்சிருக்கணும், அதனால தப்பு பண்ணாலும் பிரிச்சுட்டு திரும்பப் போட்டுக்கலாம். 5 எம்எம் கொக்கி, கொஞ்சம் தடிமனான வெளிர் நிற உல்லன் நூல் போதும். கருப்பு வேண்டவே வேண்டாம், சீக்கிரமே இருட்டுற சீசன்ல கண்ணி கண்ணுக்கே தெரியாது. முதல்ல மஃப்ளர் போடுங்க, ஸ்வெட்டர் ஆசையெல்லாம் அப்புறம்.

வரையப் பிடிக்கும்னா வாட்டர்கலர் ஓகே. ஆயில் பெயிண்ட், டர்பன்டைன் எல்லாம் ஜன்னல் மூடின ரூம்ல வேணாம், தலைவலி வந்துரும். கிட்டார் இருந்தா ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க, காத்து காஞ்சு போனா மரம் விரிசல் விட்டுடும் (ஹ்யூமிடிட்டி 45-ல இருந்து 55 சதவீதம் இருந்தா நல்லது). ஜிக்சா பசிலும் ஜாலிதான், ஆனா 1000 பீஸ் எடுத்தீங்கன்னா சாப்பாட்டு மேஜையை மறந்துடுங்க.