ஈரோட்டுச் சந்தையில் கைத்தறி கிடைக்குமா?

கேள்வி: ஈரோடு ஜவுளிச் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கைத்தறித் துணிகளும் வாங்கி வர விரும்புகிறோம். எந்தக் கிழமை செல்லலாம்? வியாபாரிகள் அல்லாதவர்களுக்கும் துணி கொடுப்பார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: திங்கட்கிழமை மாலைக்குள் ஈரோடு சென்றுவிடுங்கள். கனி மார்க்கெட் பகுதியில் கூடும் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கி மறுநாளும் நடைபெறுகிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் வியாபாரிகள் மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்லும் மொத்த விற்பனைச் சந்தை இது என்பதால், இரவில் ஓர் ஒற்றைத் துண்டுக்கு நெடுநேரம் பேரம் பேசினால் கடைக்காரர் முகம் கொடுக்காமல் போகலாம். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரவில் வேடிக்கை பார்த்துவிட்டு, செவ்வாய் பகலில் சில்லறையாகக் கொடுக்கும் கடைகளை விசாரித்து வாங்குங்கள். குழல் விளக்கில் கண்ட நிறம் வெயிலில் வேறாகத் தெரியும் என்பதாலும் பகலே நல்லது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் நிற்க இடம் இராது. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் உள்ள நாட்களிலோ, 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுசெல்ல ஆவணம் காட்ட வேண்டியிருப்பதால், வெளியூர் வியாபாரிகளின் வரவு குறைந்து சந்தை களையிழந்திருக்கும்.

கைத்தறியைப் பொறுத்தவரை உங்கள் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். லுங்கி, துண்டு, நைட்டி, உள்பாவாடை என்று அங்கே குவிந்திருப்பவற்றில் பெரும்பகுதி விசைத்தறித் துணியும் ஆயத்த ஆடையுமே. அவற்றைத் தரக்குறைவு என்று நான் சொல்லவில்லை. ஆனால், கைத்தறி என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பார்ப்பதே எளிய வழி.

தறியையும் நெசவையும் நேரில் காண விரும்பினால், மேலும் ஒரு நாள் ஒதுக்கி, காவிரியும் பவானி ஆறும் கூடும் பவானிக்குச் செல்லுங்கள். அவ்வூர் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. தடித்த பருத்தி நூலில், பட்டை பட்டையான வண்ணங்களோடு நெய்யப்படுவது. போர்வை வேண்டுமென்றால் சென்னிமலை. இரண்டு ஊர்களிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. ஜமக்காளம் நல்ல கனம் என்பதால், அதை ஊர் திரும்பும் நாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.