இதயப் பிரிவில் குழந்தையின் எடை: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகள் இதயப் புறநோயாளிகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எக்கோ (இதய ஸ்கேன்) முடிந்து கிளம்பும்போது டாக்டர், "வெயிட்டைக் குறைக்கணும்மா" என்கிறார். ஆறு மாதம் கழித்து மூன்று கிலோ கூடித்தான் வருகிறார்கள். எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். எப்படிப் பேசுவது? – மதுரை வாசகி

அந்த ஒரு வரி கடைசியில் வருவதால்தான் எடுபடுவதில்லை. எக்கோ நன்றாக இருக்கிறது என்று கேட்டதுமே அம்மாவின் மனம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடும். உயரமும் எடையும் எடுத்த கையோடு நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

10 வயதுப் பையன், 136 செ.மீ., 42 கிலோ என்று வையுங்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 22.7. பெரியவர்களுக்கு இது நல்ல எண், அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தால், அது உடல்பருமன் கோட்டுக்கு மேலே விழும். அந்தப் புள்ளியைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். 'குண்டு' என்ற சொல் பிள்ளை காதில் விழவே கூடாது.

அடுத்து, "இவன் எடையைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமாம்மா?" என்று கேளுங்கள். சரி என்றதும், "இவன் ஓடினா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?" என்று கேளுங்கள். விஷயம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பல குழந்தைகள் பால் குடிக்கவே மூச்சு வாங்குவார்கள், எடை ஏறாது. அப்போது நெய், எண்ணெய் சேர்த்து ஊட்டச் சொன்னது நாம்தான். ஓட்டையை அடைத்த பிறகு அந்தக் கூடுதல் தேவை போய்விடுகிறது. 'இனி நிறுத்துங்கள்' என்று யாரும் சொல்வதில்லை. ஊட்டும் பழக்கமும் ஓடவிடாத பயமும் அப்படியே தங்கிவிடுகின்றன. அம்மாவைக் குற்றம் சொல்லாமல் இதை விளக்கினாலே அவர் முகம் தெளியும்.

பிறகு நேற்று காலை முதல் இரவு வரை சாப்பிட்டதைக் கேளுங்கள், குடித்ததிலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை ஒரு டீஸ்பூன் சுமார் 4 முதல் 5 கிராம். இரண்டு ஸ்பூன் போட்ட பால் காலையும் மாலையும் என்றால் கிட்டத்தட்ட 20 கிராம். அதில் கலக்கும் பவுடரின் சர்க்கரை தனி. 300 மி.லி. கோலாவில் சுமார் 30 கிராம். குழந்தைகளுக்குச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க இதய சங்கம்.

ஒரே ஒரு மாற்றம், அதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். "செஞ்சிடுவேன்னு பத்துக்கு எத்தனை நம்பிக்கை?" என்று கேளுங்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் மாற்றத்தைச் சிறிதாக்குங்கள். சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் ஊட்டுவது பாட்டி என்றால் அடுத்த முறை அவரும் வரவேண்டும். ஆறு மாதம் காத்திருக்காமல் ஒரு மாதத்தில் கூப்பிடுங்கள்.

வளரும் பிள்ளைகள் பலருக்கு எடை குறையவே வேண்டாம், ஏறாமல் நின்றால் போதும். இதே பையன் 42 கிலோவிலேயே நின்று ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்தால் பி.எம்.ஐ. 20.8 ஆகிவிடும். பெற்றோரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

மகளுக்கு ஒரு வயதில் வி.எஸ்.டி. (இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை) ஆபரேஷன். இப்போது ஒன்பது வயது, எடை அதிகம். பி.டி. வகுப்பில் உட்காரவைத்து விடுகிறார்கள். ஓடலாமா? – திருநெல்வேலி வாசகி

ஓட்டை மீதமில்லை, நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறவில்லை, இதயத் துடிப்பும் பம்ப் செய்வதும் சரி என்றால் பொதுவாகத் தடை இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் போல நாளுக்கு 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் அவளுக்கும் வேண்டும். 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள்.

பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில்தான் கோளாறு. 'கடினமான செயல்களைத் தவிர்க்கவும்' என்று எழுதியிருந்தால் எந்த பி.டி. மாஸ்டரும் பிள்ளையை ஓரமாக உட்காரவைப்பார். "ஓடலாம், நீந்தலாம், கோ-கோ ஆடலாம். மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் உடனே நிறுத்தவும்" என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், இதயத் தசை தடித்தவர்கள் போன்றோருக்கு மட்டும் வரம்பு வேறு. அதை அவர்கள் டாக்டரே சொல்வார்.

இதயம் பலவீனமான மகனுக்கு நான்கு நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டது. சோற்றைக் குறைக்கட்டுமா? – சேலம் வாசகர்

வேண்டாம். இவ்வளவு வேகமாக ஏறுவது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை, உடம்பில் நீர் தேங்கியிருக்கலாம். கண் இமை, கால், வயிறு வீங்கியிருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் இன்றே இதய மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.