வெள்ளத்தைத் தடுக்கும் சிறிய மண் அணையும் நம் ஊர் ஏரியும் ஒன்றா?

உங்கள் ஊரில் வெள்ளத் தடுப்பு அணை கட்டப்போவதாகச் சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையின் வடபெரும்பாக்கத்தில், புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய்க்கு அருகில் குடியிருக்கிறேன். கரை மண்ணால் ஆனது என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய ஒற்றுமை இல்லை என்பதே என் பதில்.

புழல் ஏரி குடிநீருக்கானது. 21.20 அடி ஆழத்தில் 3,300 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். கோடையை நினைத்து அதை நிரப்பி வைக்கவே எல்லோரும் விரும்புவோம். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டால், புதிதாக வரும் வெள்ளத்தைத் தாங்க அதில் இடம் இருக்காது. ஷட்டரைத் திறந்தே ஆகவேண்டும். 2021 நவம்பரில் அவ்வாறு திறக்கப்பட்ட நீர் எங்கள் பக்கமாக மணலி, சடையங்குப்பம் வழியே எண்ணூர்க் கடலை நோக்கிச் சென்றது. (திறப்பு அறிவிப்பு வந்ததும் என் தாயார் முதலில் அரிசி மூட்டையைத்தான் பரணில் ஏற்றுவார்.)

வெள்ளத் தடுப்பு அணையோ பெரும்பாலும் காலியாகவே இருக்கவேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1948-இல் கிளவுட் கிரீக் ஓடையில் கட்டப்பட்டதும், அதன்பின் அந்நாட்டில் எழுந்த பல்லாயிரம் சிற்றணைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. கரையின் அடியில் ஒரு குழாய் செல்லும். உட்புறத்தில் நிற்கும் கான்கிரீட் தொட்டியின் வாய் வழியாக நீர் தானாகவே அதற்குள் இறங்கும். திறக்கவோ மூடவோ நடுராத்திரியில் ஆள் ஓடவேண்டியதில்லை. சில மணி நேரத்தில் பாய்ந்து வந்த வெள்ளம், குழாயின் அளவுக்கு மேல் போக முடியாமல் தேங்கி, சில நாட்களில் மெல்ல வடிந்துவிடும். தொட்டி வாய்க்குக் கீழே உள்ள பகுதி வண்டல் படிவதற்காக விடப்பட்டது.

எதிர்பாராத பெருமழைக்குக் கரையின் ஓரத்தில், இயற்கையான கெட்டி நிலத்தை வெட்டி, புல் வளர்த்த ஒரு கலிங்கு (மிகைநீர் வழிந்து வெளியேறும் வழி) வைப்பார்கள். இதில் சிக்கனம் கூடவே கூடாது. மண் கரையின் தலைக்கு மேல் நீர் வழிந்தால் பின்சரிவு அரித்துக்கொண்டு போக, சில மணி நேரத்தில் அணையே உடையும். 1979-இல் குஜராத்தின் மச்சு அணையில் கலிங்கின் கொள்ளளவை மிஞ்சிய வெள்ளம் மண் கரையின் மேல் வழிந்ததால்தான் மோர்பி நகரம் அழிந்தது. நண்டு வளையும் எலி வளையும் கரை மேல் வளரும் மரத்தின் வேரும் உள்ளிருந்து அதே வேலையைச் செய்யும்.

இனி உங்கள் ஊர் அணைக்கு வருவோம். கலிங்கு நீர் யாருடைய நிலத்தின் வழியே ஓடையைச் சேரும் என்பதைக் கரையின் உயரத்தைப் பேசுவதற்கு முன்பே கேளுங்கள். மாசி, பங்குனியில் கிணறு வற்றும்போது, நீரைத் தேக்கலாம் என்று யாராவது அந்தக் குழாயின் வாயில் மணல் மூட்டையை அடைக்கப் பார்ப்பார்கள். அடைத்தால் அடுத்த மழைக்குள் எடுத்தாகவேண்டும்.